‘ழ’கரத்தின் சுழியில் நின்ற இயந்திரம்

வேப்பம் பலகையில் ஒரு வீட்டுப் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்த கணினிக் கட்டளைப்படி வெட்டும் எங்கள் சிஎன்சி இயந்திரம், ‘ழ’கரத்தின் அடிச்சுழிக்குள் இறங்கிய இடத்தில் அசையாமல் நின்றுவிட்டது. நகர்வுதான் நின்றதே தவிர, வெட்டும் முனையின் சுழற்சி நிற்கவில்லை. அடுப்படியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நான் கருகல் மணம் வந்த பிறகே ஓடிப்போனேன். சுழிக்குள் மிளகளவில் ஒரு கரிய வட்டம் பதிந்திருந்தது. மடிக்கணினியின் திரையிலோ, தொடர்பு துண்டிக்கப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தது.

கோண்டாவிலில் எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் இயங்கும் அந்த இயந்திரம் 3018 என்று சொல்லப்படுகிற சிறிய வகை. 300 மில்லிமீற்றர் நீளமும் 180 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட பரப்பில் வேலை செய்யும். பொழுதுபோக்காக வாங்கியது, பெயர்ப்பலகை கேட்டு ஆட்கள் வரத் தொடங்கியதும் தொழிலாகிவிட்டது. அதன் கட்டுப்பாட்டுப் பலகையில் இருப்பது, ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகைகளில் காணப்படும் ஏடிமெகா328 சில்லு. அதற்குள் ஓடுவது, கட்டளைகளை மோட்டார் அசைவுகளாக மாற்றும் ஜிஆர்பிஎல் என்ற நிரல். கணினி முழு வேலையையும் இந்தப் பலகையிடம் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவதில்லை. வரி வரியாக அனுப்பி, ‘ஓகே’ என்ற பதில் வர வர அடுத்தடுத்த வரிகளைக் கொடுக்கிறது. வந்த வரிகள் காத்திருக்கும் இடம் 128 பைட் மட்டுமே; அதற்கப்பால், முன்கூட்டியே கணித்து வைத்த சில அசைவுகள் கையிருப்பில் இருக்கும். ஆகவே தொடர்பு அறுந்தால், இருப்பதைச் செய்து முடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும். முனையைச் சுழற்று என்ற கட்டளையை எவரும் மீளப் பெறாதபடியால் முனை சுழன்றுகொண்டே இருக்கும். வேப்பம் பலகை கருகியது அதனால்தான்.

அன்றைக்கு நான் விட்ட பெரிய பிழை அதற்குப் பிறகுதான் நடந்தது. பதற்றத்தில் மீண்டும் இணைக்கும் பொத்தானை அழுத்தினேன். ஆர்டுயினோ வகைப் பலகைகளில், கணினி தொடர்பைப் புதிதாகத் திறக்கும் கணத்திலேயே பலகை மீளத் தொடங்கும்படி சுற்று அமைக்கப்பட்டிருக்கிறது. முனையைச் சிறு சிறு படிகளாக நகர்த்தும் படிமோட்டார்கள் தாம் எங்கே நிற்கிறோம் என்று எவருக்கும் திருப்பிச் சொல்வதில்லை. பலகை எண்ணி வைத்திருந்த எண்ணிக்கைதான் இடம். அந்த எண்ணிக்கை அழிந்தது. வேலை எந்தப் புள்ளியில் தொடங்கும் என்று சொல்லும் ஜி54 என்ற கணக்கு மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் அது இயந்திரத்தின் சொந்தத் தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்த கணக்கு. அசைவின் ஓரத்தைத் தொட்டு உணரும் எல்லை ஆளிகள் பொருத்தாத எங்கள் இயந்திரத்தில் அந்தத் தொடக்கப் புள்ளியையே தேடிப் பிடிக்க வழியில்லை. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் முன்பு, அடிப்பலகையின் ஒரு மூலையில் சிறு துளையொன்றை இட்டு, அதையே பூச்சியப் புள்ளியாக வைத்துக்கொள்கிறேன்.

அடுத்த மூன்று கிழமைகள் கணினியோடு மல்லுக்கட்டியதில் போயின. யுஎஸ்பி வழியாகப் பலகையோடு பேச உதவும் சிஎச்340 சில்லுக்கான இயக்கி மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினேன். யுஎஸ்பி துளைகளுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அமைப்பை நிறுத்தினேன். அது எப்படியும் செய்ய வேண்டிய காரியம். மைத்துனரின் மடிக்கணினியையும் இரவல் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இயந்திரம் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. தற்செயலாக ஓடிய அந்த இரண்டு நாளை நான் மருந்தின் பலன் என்று நம்பினேன். பிறகு பழையபடி நின்றது.

வழி கிடைத்தது ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கிய பிறகுதான். எத்தனையாவது நிமிடம், முனை சுழன்றதா, கணினி ஒலி எழுப்பியதா என்று ஒவ்வொரு முறையும் குறித்தேன். ‘தொடர்பு போய்விட்டது’ என்று நான் ஒரே பெயரால் அழைத்தது உண்மையில் மூன்று வெவ்வேறு நோய்கள் என்பது ஏழெட்டுக் குறிப்புகளுக்குள் தெரிந்தது. யுஎஸ்பி கழன்றதற்கான ஒலியைக் கணினி எழுப்பினால், கணினியே அந்தக் கருவியை இழந்துவிட்டது. ஒலியில்லாமல் மென்பொருள் வராத ‘ஓகே’க்காகக் காத்திருந்தால், வழியில் சில எழுத்துகள் சிதைந்திருக்கின்றன. திரையில் ஜிஆர்பிஎல் தன் பதிப்பு எண்ணோடு கூடிய வரவேற்பு வரியை நடுவேலையில் காட்டினால், கட்டுப்பாட்டுப் பலகையே மீளத் தொடங்கியிருக்கிறது. எனது குறிப்புகளில் மிகப் பெரும்பாலானவை முதல் வகை; அவை எல்லாமே முனை சுழன்றுகொண்டிருந்தபோது நடந்தவை. முனையை நிறுத்தி, காற்றில் வெறுமனே நகரவிட்டால் மணிக்கணக்காக ஓடியது.

இந்த நிலையில்தான் எங்கள் பகுதியில் மின்னிணைப்பு வேலை செய்யும் அண்ணை ஒருவர் வேறு அலுவலாக வந்தார். இயந்திரத்தின் சட்டத்தில் கையை ஊன்றியவர் வெடுக்கென்று எடுத்தார். “தம்பி, உதிலை கை வைக்க உமக்குச் சுள்ளெண்டேல்லையோ?” என்று கேட்டார். சுள்ளென்றுதான் இருந்தது, வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றால் எனக்கும் தெரியும். மோட்டார் உள்ள பொருளென்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் ரெஸ்ரரைச் சட்டத்தில் வைக்க, உள்ளே சிறு செவ்வொளி எரிந்தது. நேரே இயந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்த நீட்டிப்பு வயரைக் கழற்றித் திறந்தார். மேலே மூன்று துளை. உள்ளே வந்ததோ இரண்டே கம்பி. புவித்தொடுப்புத் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

24 வோல்ற் மின்வழங்கியின் வடிகட்டியில், உயிர்க்கம்பியிலிருந்தும் நொதுமல் கம்பியிலிருந்தும் உலோக உறைக்குச் சிறு கொள்ளளவிகள் போடப்பட்டிருக்கும். புவிக்கம்பி இருந்தால் அவற்றின் கசிவு மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ற்றில் ஏறத்தாழப் பாதி அழுத்தம் உறையில் மிதக்கும். எங்கள் மடிக்கணினியோ கூடத்துச் சுவரில், புவித்தொடுப்புள்ள செருகியில் இருந்தது. இயந்திரத்திலிருந்து கசிந்தது மண்ணைத் தேடிப் போன வழி, மெல்லிய யுஎஸ்பி வயர். மின்கலத்தில் மட்டும் மடிக்கணினியை ஓடவிட்டபோது துண்டிப்புகள் குறைந்தது ஏன் என்பதும் அப்போது விளங்கியது.

ஆனால் அது பாதிக் கதை. மீதிப் பாதி என் சொந்தக் கைவேலை. வயர்கள் தொங்குவது பார்வைக்கு நன்றாக இல்லையென்று, முனை மோட்டாரின் வயரையும் யுஎஸ்பி வயரையும் சேர்த்து ஒரு மீற்றர் நீளத்துக்குப் பிளாஸ்ரிக் பட்டிகளால் இறுக்கிக் கட்டியிருந்தேன். கரித்தூரிகை உள்ள மோட்டாரில் தூரிகைகள் ஓயாமல் பொறி பறக்க வைக்கும்; அந்தப் பொறிகளின் அதிர்வுகள், 3.3 வோல்ற் அளவில் பேசிக்கொள்கிற தரவுக் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டு போயின. ஒழுங்காகக் கட்டியதில் எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

மூன்று கம்பியுள்ள நீட்டிப்பு, இரு நுனியிலும் மின்னிரைச்சலை அடக்கும் ஃபெரைட் உருளையுள்ள குட்டையான யுஎஸ்பி வயர், மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே ஒரு 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி, பிரித்துவிட்ட வயர்கள் என எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் செய்தேன். நோய் நின்றது, எது நிறுத்தியது என்று தெரியவில்லை. அது மனத்தை உறுத்தியபடியால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழிவுப் பலகையில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் செய்து பார்த்தேன். குட்டை வயரை எடுத்துவிட்டுப் பழைய நீள வயரைப் போட்டும் இரண்டு மணி நேரம் தடையின்றி ஓடியது. கொள்ளளவியைக் கழற்றியும் ஓடியது. அந்த நீள வயரை மோட்டார் வயரோடு மறுபடி கட்டியதும் பதினோராம் நிமிடத்தில் நின்றது. பழைய நீட்டிப்பை மட்டும் சோதனைக்காகக்கூடத் திரும்பப் போடவில்லை. மின்காப்பு ஒருநாள் பழுதானால் சட்டத்தைத் தொடுகிறவருக்கு என்ன ஆகும் என்பதை அண்ணை சொல்லியிருந்தார்.

அவரே வீட்டின் புவிக்கம்பியையும் பார்த்தார். எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் என்பதால் கம்பி ஓரளவுக்கு மேல் இறங்காது. கோடையில் மேல்மண் காய்ந்தால் தடை கூடிவிடும். அதனால் பழைய கம்பியை விட்டுவிட்டு, கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாழையடியில் புதிதாக ஒன்றை அடித்துத் தந்தார்.

கருகிய பலகையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வேறொன்று செதுக்கிக் கொடுத்தேன். மோட்டார் வயர் இப்போது தனியாக, வளை மரத்தில் அடித்த ஆணியிலிருந்து கயிற்றில் தொங்குகிறது. போன கிழமை வந்த அண்ணை அதை அண்ணாந்து பார்த்து, “உறி கட்டி வைச்சிருக்கிறீர் போலை” என்றார்.