இளைத்த பிறகு வரும் பசி

போன வருஷம் பத்து கிலோ குறைத்தேன். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். இப்போது அதில் நாலு கிலோ திரும்பி வந்துவிட்டது. அதே ஆட்கள், "வாயைக் கட்டியிருக்கலாமே" என்கிறார்கள்.

கட்டித்தான் இருக்கிறேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சோறு, அதைவிட அதிகமாகக் கீரையும் காயும், சாயங்காலம் சுண்டல். வேலை விட்டு வந்ததும் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை. இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது பசிதான். எடை இறங்க இறங்க அது ஏறிக்கொண்டே போனது. சாப்பிட்டுக் கைகழுவி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, வயிறு காந்தும். ராத்திரி பக்கத்து வீட்டில் தோசைக்கல்லில் எண்ணெய் விடும் வாசனை வந்தால் தூக்கம் போய்விடும்.

இது மனக்கட்டுப்பாடு சம்பந்தப்பட்டது இல்லை. கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடம்பில் கொழுப்பு இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்கிறது. இளைத்தால் லெப்டின் குறையும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. எடை குறைத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்தும் இந்த மாற்றம் அப்படியே இருந்ததை 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அதைப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்தது. நம்மைச் சோம்பேறி என்று சொன்னவர்களுக்கு இதெல்லாம் தெரியாதே!

மிச்சமிருக்கும் ஆறு கிலோவை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் சுமை நாலு கிலோ குறைகிறதாம். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறேன்.

அப்புறம் ஒன்று, என்னைப் போல கை பருமனாக இருப்பவர்களுக்கு. ஓர் ஆஸ்பத்திரியில் பி.பி. பார்க்கச் சுற்றிய பட்டை காற்று ஏறியதும் படக்கென்று பிரிந்துகொண்டது. நர்ஸ் அதைக் கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்ததில் 160 காட்டியது. "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று உடனே மாத்திரை எழுதிவிட்டார்கள். வேறோர் இடத்தில் பெரிய பட்டை போட்டுப் பார்த்தபோது 132. சின்னப் பட்டை கூடுதலாகத்தான் காட்டும். கூச்சப்படாமல் பெரிய பட்டை கேளுங்கள். இல்லை என்றால், மாத்திரையைத் தொடங்கும் முன் பெரிய பட்டை இருக்கும் இடத்தில் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.