எட்டு நாள் நிற்காமல் ஓடிய பெண்டுலம் கடிகாரம்

போன சனிக்கிழமை காலை சாவி கொடுத்தேன். இன்று ஞாயிறு இரவு, இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் இதே அன்சோனியா (பழைய அமெரிக்கக் கம்பெனி) சுவர்க் கடிகாரம் ஆறு நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை என்பதை நினைத்தால், இன்று ஹாலில் கேட்கிற டிக் டாக் சத்தம் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

வாங்கியது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில். பெட்டி நல்ல மரம், டயல் காகிதம் பழுப்பேறியிருந்தது, பெண்டுலம் இருந்தது, சாவி இல்லை. பிரித்தது, கழுவியது, தேய்ந்த இரண்டு அச்சுத் துளைகளுக்கு புஷ் (சின்ன உலோக வளையம்) போட்டது எல்லாம் வழக்கமான வேலைதான், விட்டுவிடுகிறேன். எண்ணெய் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. முன்பு வைத்திருந்தவர் யாரோ பல்சக்கரத்தின் பற்களுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார், அது பச்சைப் பசையாக இறுகிக் கிடந்தது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அச்சு முனைகளில் மட்டும் கடிகார எண்ணெய் ஒரு துளி, பற்கள் காய்ந்தே இருக்க வேண்டும்.

இனி உண்மையான சண்டைக்கு வருகிறேன்: பீட், அதாவது டிக்கும் டாக்கும் சம இடைவெளியில் விழுவது.

சுவரில் மாட்டும்போது கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி, பெட்டியை மயிரிழை பிசகாமல் நேராக வைத்தேன். ஆறு நிமிடத்தில் நின்றது. தற்செயலாக வலது பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல் மாட்டியபோது மூன்று மணி நேரம் ஓடியது. பெட்டி நேராக இருப்பதும் பீட் நேராக இருப்பதும் வேறு வேறு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. பெண்டுலம் நடுவில் தொங்கும்போது ஆங்கரும் (பல்லை மாறி மாறிப் பிடித்து விடும் கொக்கி) எஸ்கேப் வீலுக்கு (அது பிடிக்கும் பல்சக்கரம்) நடுவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் பல் சீக்கிரம் விடுபடும், மறுபக்கம் விடுபட பெண்டுலம் அதிக தூரம் போக வேண்டியிருக்கும். கையால் ஆட்டிவிட்ட வேகம் இருக்கும்வரை போகும், ஆட்டம் சுருங்கியதும் பல்லை விடுவிக்க முடியாமல் நின்றுவிடும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடிகாரம் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ப் புலம்பினேன். "கண்ணை மூடிக்கிட்டு கேளுங்க தம்பி. விந்தி விந்தி நடக்கிற மாதிரி கேட்டா பீட் சரியில்ல, அவ்வளவுதான்" என்றார். என் காது அவர் காது இல்லை. அதனால் போனில் சத்தத்தைப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, அலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை அளந்தேன். என் பெண்டுலம் சுமார் 25 செ.மீ., ஒருமுறை போய்வர ஒரு நொடி. டிக்கிலிருந்து டாக் வரை 0.58 நொடி, டாக்கிலிருந்து டிக் வரை 0.42. விந்தி நடப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

சரிசெய்ய, ஆங்கரிலிருந்து இறங்கிப் பெண்டுலத்தைத் தள்ளும் கிரட்ச் கம்பியை வளைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறோம். பெட்டியின் எந்தப் பக்கத்தைத் தூக்கினால் சத்தம் சீராகிறதோ, கம்பியின் கீழ்முனையை அந்தப் பக்கமே வளையுங்கள். எனக்கு வலது. முதல் முறை நான் கம்பியைக் கீழ்முனையில் பிடித்து அப்படியே தள்ளிவிட்டேன். அதன் வளையத்துக்குள்தான் பெண்டுலத் தண்டும் போகிறது, ஆகவே அதுவும் சேர்ந்து நகர்ந்து, மேலே தொங்கும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மடிந்துபோனது. பிளேடு போல மெல்லிய தகடு அது, ஒருமுறை மடிந்தால் பெண்டுலம் ஆடும்போது கூடவே முறுக்கிக்கொண்டு சுழலும். அந்தப் பெரியவரே தன் டப்பாவில் தேடி ஒன்று கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டாவது முறை பெண்டுலத்தைக் கழற்றிவிட்டு, கம்பியின் மேல்பகுதியை ஒரு குறடால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொரு குறடால் அரை மில்லிமீட்டர் அரை மில்லிமீட்டராக வளைத்தேன். ஒவ்வொரு முறையும் மாட்டி, பதிவு செய்து, அளந்து, மறுபடி கழற்றி. பதினொரு முறை. கடைசி அளவு 0.505, 0.495. அன்று இரவு அதைக் கேட்டுக்கொண்டே ஹாலில் படுத்துத் தூங்கினேன்.

பீட் சரியானபின் வேகம் சரிசெய்வது சுலபம். 25 செ.மீ. பெண்டுலத்தில் குண்டை 0.35 மி.மீ. உயர்த்தினால் நாளுக்கு ஒரு நிமிடம் வேகம் கூடும். வெயில் வேறு இருக்கிறது: எஃகுத் தண்டாக இருந்தால் பத்து டிகிரி ஏறும்போது நாளுக்கு ஐந்து நொடி போல மெதுவாகும், பித்தளையில் எட்டு நொடி. மதுரையில் பகலுக்கும் விடியற்காலைக்கும் இருக்கிற வித்தியாசத்தில் இது தெரியத்தான் செய்கிறது.

எதை வைத்து இதையெல்லாம் அளந்தேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் நானே செய்த டிஜிட்டல் கடிகாரத்தை வைத்து. ஆர்டுயினோ நானோ என்ற சின்ன கணினிப் பலகை, நேரம் காக்கும் டிஎஸ்3231 சிப், சிவப்பு ஏழு துண்டு டிஸ்பிளே. அந்தச் சிப் சாதாரண அறை வெப்பத்தில் வருடத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும், அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. (அந்த மாட்யூலில் சாதாரண சிஆர்2032 பட்டன் பேட்டரி போடுகிறவர்கள் சார்ஜிங் ரெசிஸ்டரை எடுத்துவிடுங்கள். அது ரீசார்ஜ் செய்யக்கூடிய பேட்டரிக்காக வைத்தது, சாதாரண பேட்டரி உப்பிவிடும்.)

இருந்தாலும் நேரம் பார்க்க என் கண் டயலுக்குத்தான் போகிறது. நாம் நேரம் சொல்வதே ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால் என்றுதானே. அந்தக் காலும் அரையும் முக்காலும் டயலில் துண்டாக அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. 7:43 என்று எண்ணைப் பார்த்தால் எட்டுக்கு எவ்வளவு இருக்கிறது என்று நான் கழித்துப் பார்க்க வேண்டும், டயலில் மிச்சம் எதிரிலேயே இருக்கிறது. அம்மா திங்கட்கிழமை ராகு காலத்தை "ஏழரையிலேர்ந்து ஒம்பது" என்பார். முள் அந்த ஒன்றரை மணி நேரத் துண்டுக்குள் எங்கே நிற்கிறது என்று அடுப்படியிலிருந்தே பார்த்துவிடுகிறார். மகளுக்கு டிஜிட்டல்தான் வேண்டும். 7:40க்கு ஸ்கூல் வேன், "அப்பா, 38 ஆயிடுச்சு" என்று செருப்பை மாட்டுகிறாள். வேனுக்கு அதுதான் சரி, அவளிடம் நான் வாதாடப்போவதில்லை. சிவப்பு டிஸ்பிளே வாசல் பக்கச் சுவரிலேயே இருக்கட்டும்.

அன்சோனியா கம்பெனி நியூயார்க்கில் புரூக்ளினில் இருந்தது. 1929-ல் நொடித்துப்போய் இயந்திரங்களை எல்லாம் சோவியத் நாட்டுக்கு விற்றுவிட்டார்கள். அப்படியென்றால் என் சுவரில் தொங்குவதற்கு வயது நூறை ஒட்டியாவது இருக்கும். இதைப் படித்த நாளிலிருந்து டயல் காகிதத்தை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன், பழுப்போடு இருக்கட்டும்.

அடுத்து ஒரு ஆசை. பெண்டுலத்துக்குக் கீழே ஒரு இன்ஃப்ராரெட் சென்சார் வைத்து, ஒவ்வொரு ஆட்டத்தையும் டிஎஸ்3231 நேரத்தோடு பதிவு செய்து, பக்கத்தில் டிஎஸ்18பி20 வெப்பமானியும் வைத்து, சித்திரை வெயிலில் எத்தனை நொடி இழக்கிறது என்று வரைபடம் போட வேண்டும். சென்சார் வாங்க அடுத்த மாதம் சென்னை போகும்போது ரிச்சி தெருவில் இறங்குவேன். மேசையில் ஒரு எச்எம்டி ஜனதாவும் கண்ணாடி உடைந்து காத்திருக்கிறது, அதுவும் சாவி கொடுக்கும் ரகம்தான்.

ஆனால் முதலில் மணி அடிப்பதைச் சரிசெய்ய வேண்டும். இது கவுன்ட் வீல் வகை, முள் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது, வரிசைப்படி அடித்துக்கொண்டே போகும். நான் சோதிக்கும்போது முள்ளைத் திருப்பித் திருப்பி வரிசை கலைந்துவிட்டது. இப்போது ஒன்பதுக்கு எட்டு அடிக்கிறது. மணி அடிப்பைத் தொடங்கிவைக்கும் கம்பியை இப்போதே விரலால் ஒருமுறை தட்டினால் அரை மணிக்கான ஒற்றை அடி, இன்னொருமுறை தட்டினால் ஒன்பது அடி, வரிசை சரியாகிவிடும். அம்மா தூங்கிவிட்டார், காலையில்தான் தட்ட வேண்டும்.