பாடி எப்ப சார் கிடைக்கும்?

தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பத்தாரிடம் உறுப்பு தானம் பற்றிப் பேசுவது என் வேலை. என்ன வேலை என்று சொன்னதுமே, "சாமி, சாஸ்திரம்னு மறுப்பாங்களே, எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்பார்கள். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்று சொல்பவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் அதிகம் பார்த்த மறுப்பு அது இல்லை. "பாடி எப்ப சார் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். பதிலைக் கேட்டதும் எழுந்துவிடுவார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஊரில் பந்தல் போட்டிருப்பார்கள், சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறியிருக்கும். இங்கேயோ எதுவும் அவசரத்துக்கு நடக்காது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு மூளைச்சாவை, அதாவது மூளை இனி மீளாதபடி நின்றுவிட்டது என்பதை, உறுதி செய்ய வேண்டும். இரண்டு முறை சோதனை, நடுவில் குறைந்தது 6 மணி நேர இடைவெளி. அப்புறம் குடும்பத்தின் கையெழுத்து, ரத்தப் பரிசோதனைகள், தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் மூலம் காத்திருப்போர் பட்டியலில் யாருக்கு எது என்ற ஒதுக்கீடு, வெளி மருத்துவமனைகளிலிருந்து டாக்டர்கள் வந்து சேர்வது, ஆபரேஷன். விபத்து கேஸ் என்றால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம். பொழுது சாய்ந்தால் போஸ்ட்மார்ட்டம் கிடையாது என்று முன்பு மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுவார்கள். 2021 நவம்பரில் மத்திய அரசு, வசதியுள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம், உறுப்பு தானக் கேஸ்களுக்கு முன்னுரிமை என்று அனுமதித்தது. மேடைப் பேச்சுகளைவிட அந்த உத்தரவுதான் எங்களுக்குப் பெரிய உதவி என்பேன்.

நேரத்துக்கு அடுத்தது அந்த நெஞ்சு. வெண்டிலேட்டரில் இருப்பவரின் நெஞ்சு ஏறி இறங்கும், உடம்பு சூடாக இருக்கும், மானிட்டரில் கோடு ஓடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் "இறந்துவிட்டார்" என்றால் எப்படி நம்புவார்?

பைக்கில் விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பையன் கேஸில், தாய்மாமன்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். சட்டத்தில் உள்ள நெருங்கிய உறவினர் பட்டியலில் தாய்மாமன் இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் காதுகுத்து முதல் எல்லாம் மாமன் முடிவு. அப்பா கையெழுத்துப் போடுவார், போடலாமா என்று மாமன் முகத்தைப் பார்த்துவிட்டு.

"நீங்க சொல்றத நம்பச் சொல்றீங்க. எனக்கு மூச்சு விடுற மாதிரிதானே தெரியுது" என்றார். டாக்டர் சம்மதிக்கவே, இரண்டாவது சோதனையின்போது அவரைக் கட்டில் பக்கத்தில் நிற்கவிட்டோம். வெண்டிலேட்டர் குழாயைக் கழற்றிவிட்டு, மெல்லிய ட்யூப் வழியாக ஆக்சிஜன் மட்டும் போகும். மூச்சு இல்லாததால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே இருக்கும். அதன் அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால், மூளைத்தண்டில் கொஞ்சம் உயிர் இருந்தாலும் மூச்சு இழுத்தாக வேண்டும். போர்வையை விலக்கி நெஞ்சையும் வயிற்றையும் எல்லோரும் பார்த்துக்கொண்டே நிற்போம். எட்டு, பத்து நிமிடம். அந்த வயிறு அசையவில்லை.

"மெஷினைக் கழட்டியும் கோடு ஓடுதே?" என்று கேட்டார். இதயம் தானாகத் துடிக்கும், மூளை சொல்ல வேண்டியதில்லை, ஆக்சிஜன் கிடைக்கும்வரை ஓடும் என்று டாக்டர் சொன்னார். மாமன் மறுபேச்சுப் பேசவில்லை. வெளியே போய் அக்காவிடம், "மாப்ள போயிட்டான்க்கா. மெஷின்தான் ஊதிக்கிட்டிருக்கு" என்றார். என் பயிற்சி வகுப்பில் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொல்லித் தரவில்லை. தானத்தைப் பற்றி அதுவரை நான் வாயே திறக்கவில்லை. மரணச் செய்தியையும் இந்தக் கேள்வியையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது, அது எங்கள் வேலையின் முதல் பாடம். அன்று மாலை மாமனே வந்து கேட்டார்.

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது ஹிதேந்திரன் பெயர் வராமல் இருக்காது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி அசோகனும் புஷ்பாஞ்சலியும் தங்கள் மகனின் உறுப்புகளைத் தந்தார்கள். அதன் பிறகுதான் ஊர் ஊராக இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்தது. ஆனால் அவர்கள் இருவரும் மருத்துவர்கள். வெண்டிலேட்டர் எது, உயிர் எது என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு அந்த வசதி கிடையாது. "அவங்க கொடுத்தாங்களே, நீங்க ஏன் யோசிக்கிறீங்க" என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும்.

எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கும் இடம், மறுத்தவர்களின் விஷயம். மூளைச்சாவு என்று எழுதிக் கையெழுத்தும் ஆகிவிடும். குடும்பம் வேண்டாம் என்றால், பல இடங்களில் வெண்டிலேட்டர் அப்படியே ஓடும், தானாக இதயம் நிற்கும்வரை. "செத்துட்டான்னு சொன்னீங்க. கொடுக்க மாட்டோம்னதும் மறுபடி மெஷின்ல வச்சிருக்கீங்க. அப்ப எது நிஜம்?" என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. நம் சட்டம் மூளைச்சாவைப் பற்றிப் பேசுவதே உறுப்பு மாற்றுக்காகத்தான். கேரளத்தில் 2020இல், தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மூளைச்சாவு உறுதியானால் கருவியை நிறுத்தலாம் என்று வழிமுறை கொண்டுவந்தார்கள். கொடுப்பவனுக்கு ஒரு சாவு, கொடுக்காதவனுக்கு ஒரு சாவு என்று இருக்கும்வரை சந்தேகப்படுபவரை நான் எந்த முகத்தோடு சமாதானப்படுத்துவது?

உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசின் அறிவிப்பு வந்தது நல்லதே. கலெக்டர் மாலை வைப்பதை ஊரே பார்த்தால், "காசு வாங்கிட்டானுங்க" என்ற வாய்கள் அடங்கும். (அதிகாரி வந்து சேரும்வரை இன்னொரு காத்திருப்பு, அது வேறு.) ஆனால் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவதில்லை.

மெஷின் கேள்வி கேட்டவர் அன்று மறுத்துவிட்டுப் போனவர்தான். வெகுநாள் கழித்து ஒரு விடியற்காலையில் போன் செய்தார். அம்மா வீட்டிலேயே இறந்துவிட்டார், கண் கொடுக்கலாமா என்றார். கண்ணுக்கு மூளைச்சாவு, வெண்டிலேட்டர் எதுவும் வேண்டாம், இதயம் நின்று 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் போதும். "ஃபேனை நிறுத்துங்கண்ணே. இமையை மூடி, மேல ஈரப் பஞ்சு வைங்க. தலைக்கு ஒரு தலகாணி கொடுத்து உயர்த்தி வைங்க. கண் வங்கிக்கு நான் சொல்லிடுறேன்" என்றேன். உடனே பழைய கேள்விதான்.

"எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"டீம் வந்துட்டா அரை மணி நேரம்ணே. வீட்டிலேயே முடிஞ்சிடும்."