எத்தனை வாட்

மே 3, சனி

புதுக் கம்ப்யூட்டர் எத்தனை வாட் இழுக்கும் என்று எட்டாவது தடவையாகக் கூட்டிப் பார்த்தாயிற்று. 5070 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு 300. 7800 எக்ஸ்3டி பிராசசர் எவ்வளவு முக்கினாலும் 162. பம்ப் 23. ஒன்பது ஃபேனுக்கு 20. போர்டு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 60 என்று வைத்துக்கொண்டேன். 565.

சூடு தணிக்கத் தண்ணீர் ஓடவிட்டால் கரண்ட் மிச்சம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் குறையாது, பம்ப் வேறு சேர்ந்துகொள்ளும். சூடு பெட்டிக்குள் சுற்றாமல் ரேடியேட்டர் வழியாக என் அறைக்கு வரும், அவ்வளவுதான்.

ராத்திரி அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 92.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் கடை இருக்காது. 93.

மே 5, திங்கள்

ரிச்சி தெரு. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் தேடி. வெயிலில் அட்டைப்பெட்டிகள் கொதிக்கின்றன. முதல் கடையில் "வாட்டர் கூலிங்கா? ஆயிரம் வாட் எஸ்எம்பிஎஸ் போட்ருங்க சார், நிம்மதி" என்றார். ஏன் என்றேன். "எல்லாரும் அதான் எடுக்கறாங்க." நிம்மதிக்கு வாட் கணக்கு இருப்பது எனக்குத் தெரியாது.

இன்னொரு கடையில் ஒரு பெட்டி. முன்னால் 850 என்று கொட்டை எழுத்து. திருப்பி ஸ்டிக்கரைப் படித்தால் 12 வோல்ட்டில் 54 ஆம்பியர்தான். பெருக்கினால் 648. பிராசசரும் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். மீதி 200 எங்கே என்று கேட்டேன், பையன் டீ சொல்லப் போய்விட்டான். உண்மையான 850 என்றால் அங்கே 70க்குக் குறையக் கூடாது.

80 பிளஸ் கோல்டு ஸ்டிக்கரையும் நம்பி மயங்கக் கூடாது. இழுக்கும் கரண்டில் எவ்வளவு சூடாக வீணாகிறது என்பதற்குத்தான் அந்தத் தங்கம். உள்ளே இருக்கும் கபாசிட்டரைப் பற்றி அது வாயே திறக்காது.

வரும் வழியில் அப்பாவுக்கு மூக்குக்குழாய் இரண்டு.

மே 6, செவ்வாய்

கரண்ட் 11.40க்குப் போய் 12.25க்கு வந்தது. அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் 350, அந்த ரூம் ஃபேன் 75. ஆக 425. இன்வெர்ட்டர் தாங்கிவிட்டது. என் கம்ப்யூட்டர் பெட்டியை அதில் சேர்க்கவே கூடாது. என் அறைக்குத் தனி லைன்.

மே 8, வியாழன்

"என்னடா, ராவும் பகலும் கூட்டிட்டே இருக்க?"

காகிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டிய கை, பேனாவை டெஸ்டர் மாதிரிதான் பிடிக்கிறது. 565க்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

"இது ஓடுற லோடு. கெளம்புற லோடு எங்க?"

இதில் மோட்டார் இல்லையேப்பா என்றேன். "எதுவா இருந்தாலும்... கெளம்பும்போது... இழுக்கும்டா. மோட்டாருன்னா ஆறு மடங்கு. ஓடுறதப் பாத்து ஒயர் போடாத."

அவர் சொன்னது சரி. கார்டு திடீர் திடீரென்று எகிறும். மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம்தான், ஆனால் மட்டமான எஸ்எம்பிஎஸ் அதிலேயே பயந்து அணைந்துவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதியே இதற்காகத்தான்: எழுதியிருக்கும் வாட்டைப் போல் இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்டுக்குத் தாங்க வேண்டும். ஆறு மடங்கு இல்லை, இரண்டுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அப்புறம் இருபது நிமிஷம் பேசவில்லை. டாக்டருக்குப் போன் போட்டு, மெஷினில் 2இல் இருந்த ஆக்சிஜனை 3 ஆக்கினேன்.

மே 9, வெள்ளி

850.

மே 10, சனி

1000 எடுத்தால் என்ன? 90.

மே 12, திங்கள்

850தான். ஏடிஎக்ஸ் 3.1, கோல்டு, கார்டுக்கு நேராகப் போகும் கேபிளோடு. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். அப்பா மடியில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "கனம் இருக்குது. ஏமாத்தல." இந்தக் காலத்துச் சாமானை எடை வைத்துச் சொல்ல முடியாது என்று சொல்லவில்லை. 94!

மே 13, செவ்வாய்

பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் கொஞ்சம் நீளம். சொருகினால் பொருந்துகிறது. ஆனால் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 5 வோல்ட் போகும் இடத்தில் 12 போனால் எஸ்எஸ்டி காலி. பரணில் தூக்கிப் போட்டேன், நானே மறந்து எடுத்துவிடாதபடி.

மே 14, புதன்

தண்ணீர் நிரப்பினேன். "அப்பாவுக்கு வாங்கினத எதுக்குடா பொட்டிக்கு ஊத்தற?" டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்றுதான் இருந்தது. அவர் மெஷின் பாட்டிலுக்கும் அதுதான். அம்மாவுக்குச் சொல்லப் பதில் இல்லை, கடைக்குப் போய் இரண்டு கேன் வாங்கி வந்தேன்.

எங்காவது கசிகிறதா என்று பார்க்க, போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்ப் மட்டும் ஓட வேண்டும். 24 பின் கொண்டையில் பச்சை ஒயர் இடத்தையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் தானாகக் கிளம்பும். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கு அடியிலும் டிஷ்யூ. ஒரு நாள் முழுக்க. இந்த அறையில் குமிழ் சத்தம், அந்த அறையிலும்.

மே 15, வியாழன்

டிஷ்யூ காய்ந்தே இருக்கிறது.

ஆனால் கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று நினைத்துத் தலையில் கை வைத்துவிட்டேன். அப்பா படுத்தபடியே, "எர்த் இல்ல. பின்னாடி பாரு" என்றார். போய்ப் பார்த்தால் எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து, கிளாம்பிலிருந்து விட்டுப்போய்த் தனியாக நிற்கிறது. எத்தனை மாதமாகவோ. மெஷினும் இதே எர்த்தில்தானே ஓடுகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் முறுக்கி, குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

ஜன்னல் வழியாக, "எரியுதா?"

இல்லப்பா.

"இன்னொரு குடம் ஊத்து."

மே 17, சனி

89. 90. 89.

மே 18, ஞாயிறு

விண்டோஸ் பாதி ஏறியபோது, 2.10க்கு, கரண்ட் போனது. பெட்டி அணைந்தது. மெஷின் ஓடுகிறது. 3.30 ஆகியும் வரவில்லை. இன்வெர்ட்டரில் நாலு கோட்டில் ஒன்றுதான் பாக்கி. அப்பாவும் தூங்கவில்லை.

"எத்தன வாட் ஓடுது?"

425 என்றேன்.

"ஃபேன நிறுத்து."

நிறுத்திவிட்டுப் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறேன். 350.