கர்ணம் தாத்தாவைத் தேடுகிறவர்கள் திருச்சிக்கு அலைய வேண்டாம்

என் தாத்தாவின் தாத்தா கரூர் தாலுகாவில் ஒரு கிராமத்துக்குக் கணக்குப்பிள்ளையாக, அதாவது கர்ணமாக, இருந்தவர். வீட்டில் மிஞ்சியிருப்பது அவர் பெயரும், பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1271 என்று போட்டு அவர் கையெழுத்திட்ட ஒரு தீர்வை ரசீதும்தான். பழைய கணக்குகள் பரண் நிறைய இருந்தனவாம். 1980 நவம்பரில் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தபோது எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒப்படைத்தது ஏதாவது இருக்கிறதா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டேன். எழுத்தர் ரசீதைக் கையில்கூட வாங்கவில்லை. "அப்பல்லாம் கரூர் திருச்சி ஜில்லா சார். அங்க போய்க் கேளுங்க" என்றார். திருச்சியில் அரை நாள் காக்க வைத்த பிறகு, "இவ்வளவு பழசுன்னா அப்போ கரூர் எங்ககிட்ட இல்லையே" என்று பதில் வந்தது. அதுதான் சரி. கரூர் தாலுகா 1910இல்தான் கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து திருச்சிக்கு மாறியது. பசலியோடு 590 கூட்டினால் 1861. முதல் ஆள் அந்த ரசீதை ஒரு பார்வை பார்த்திருந்தாலே எனக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. உங்கள் ஊர் அந்த வருஷத்தில் எந்த ஜில்லா, எந்தத் தாலுகா என்று உறுதி செய்துகொள்ளாமல் பஸ் ஏறாதீர்கள்.

வழி காட்டியவர் கோயில் நில வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல். "ஆளைத் தேடாதீங்க, மானியத்தைத் தேடுங்க" என்றார். பல ஊர்களில் கர்ணத்துக்குக் கணக்கு மானியம் என்று நிலம் விட்டிருந்தார்கள். 1858இல் அமைந்த இனாம் (மானிய நில) கமிஷன் ஊர் ஊராக அப்படிப்பட்ட நிலங்களை விசாரித்துப் பதிவு செய்தது. வக்கீல்கள் ஐ.எஃப்.ஆர். (இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்) என்று சொல்வது அந்தப் பதிவேட்டைத்தான். அனுபவிப்பவர் பெயர், வயது, முதலில் மானியம் பெற்றவருக்கு என்ன உறவு என்பதற்கெல்லாம் தனித்தனிக் கலம் உண்டு. குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு வேறென்ன வேண்டும்!

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விண்ணப்பித்தேன், நகல் கிடைத்தது. ஆள் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போய்ப் பயனில்லை, பழைய ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் வேண்டும். பதிவு ஆங்கிலக் கையெழுத்தில் இருக்கும், பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள்.

எங்கள் வரியில் தாத்தா பெயர், வயது 34. உறவுக் கலத்தில் முந்தைய கர்ணத்தின் சுவீகார புத்திரன், அதாவது தத்துப்பிள்ளை, என்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி இது. குலதெய்வம் கரூர் பக்கம் இருக்க, 'பழைய பங்காளிகள்' என்று பெரியவர்கள் சொன்னவர்கள் மட்டும் ஏன் தாராபுரத்தில் இருந்தார்கள் என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டது. அத்தைக்கு உடனே போன் போட்டேன். அவருக்குப் பேச்சே வரவில்லை.

மானியம் இல்லாத குடும்பம் என்றால் வாரிசுத் தகராறு ஏதாவது நடந்ததா என்று விசாரியுங்கள். பரம்பரைக் கிராமப் பதவிகளுக்கான 1895ஆம் வருஷத்துச் சட்டப்படி அந்த வழக்குகள் கலெக்டரிடம் போயின. அண்ணன் தம்பி சண்டை போட்டிருந்தால் வம்சாவளியே எழுதித் தாக்கல் செய்திருப்பார்கள்.

எனக்கு இனி வேண்டியது தாராபுரம் தாலுகாவில் தாத்தா பிறந்த ஊரின் பெயர். அத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அது தெரிந்ததும் அடுத்த விண்ணப்பம்.