நகராத பால்மரங்கள்

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய படங்களுக்கென்று ஓர் இணையப் பக்கம் கட்டிவருகிறேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை இடித்தாயிற்று. பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. குடும்பங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட் தாமான்களில் (வீடமைப்புக் குடியிருப்புகளில்) ஆளுக்கொரு பக்கம் இருக்கின்றன. பின்னணிக்கு அப்பா எடுத்த படம்: விடியற்காலைப் பனியில் பால்மர நிரை, மரத்துக்கு ஒரு மங்கு, பால் வடியும் கிண்ணம். முகங்களும் பெயர்களும் மேலே நகர வேண்டும், மரங்கள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

கணினியில், பின்னணியை நகராமல் நிறுத்தும் 'பேக்கிரவுண்ட்-அட்டாச்மென்ட்: ஃபிக்ஸ்ட்' என்ற ஒரே சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) வரியில் வேலை முடிந்தது. பிறகு அம்மாவின் ஐபோனில் திறந்தேன். திரை முழுக்கச் சாம்பல் நிறம்.

"மரத்தைக் காணோமே, பனியை மட்டும் போட்டிருக்கிறாயா?" என்றார் அம்மா.

ஐபோன் சஃபாரியில் அந்த வரி எதிர்பார்த்தபடி செல்லுபடியாவதில்லை. கூடவே, இடம் நிரம்பும்வரை படத்தைப் பெரிதாக்கும் 'கவர்' என்று எழுதியிருந்ததால், படம் திரைக்குப் பதிலாகப் பக்கம் முழுவதற்கும் விரிந்துவிட்டது. பக்கத்தின் உயரம் 9,000 பிக்சல். படம் 1,600க்கு 1,200. ஏழரை மடங்கு பெருத்து அகலம் 12,000 ஆக, 390 பிக்சல் திரையில் அதில் நூற்றுக்கு மூன்று பங்குதான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மங்கலாக ஒரு வெள்ளை வளைவு. ஏதோ ஒரு மங்கின் விளிம்பு அது.

மறுநாள் அந்த வரியை அடியோடு எடுத்துவிட்டேன். பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் 'பாடி'க்கு ஒரு 'பிஃபோர்' போலி உறுப்பு (சிஎஸ்எஸ் மட்டுமே உருவாக்கும் உறுப்பு) வைத்து, படத்தை அதில் போட்டு, திரையோடு நிற்க 'பொசிஷன்: ஃபிக்ஸ்ட்' கொடுத்து, எழுத்துக்குப் பின்னால் போக 'இசட்-இண்டெக்ஸ்' மைனஸ் 1 என்று எழுதினேன். படம் மறைந்தே போனது! பக்கம் முழுவதையும் அடக்கும் 'எச்டிஎம்எல்', அதனுள் இருக்கும் 'பாடி' இரண்டுக்கும் தனித்தனியாகப் பின்னணி நிறம் தந்திருந்தேன். 'பாடி'யின் நிறம் படத்தை மூடியிருந்தது. அதை நீக்கியதும் மரங்கள் வந்தன.

இன்னொரு சிக்கல் என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில். மேலே, கீழே இரண்டு பக்கமும் இடைவெளி பூஜ்யம் என்று கொடுத்து உறுப்பை நிறுத்தியிருந்தேன். விரலால் தள்ளும்போது முகவரிப் பட்டை ஒளிந்துகொள்ள, உறுப்பின் உயரம் கூடி, படம் வெடுக்கென்று துள்ளியது. கீழ்ப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு உயரத்தை '100 எல்விஎச்' ஆக்கினேன். அதாவது பட்டை இல்லாதபோது கிடைக்கும் முழு உயரம். இந்த அலகு தெரியாத பழைய உலாவிகளுக்காக அதற்கு முந்தைய வரியில் '100 விஎச்' என்ற பழைய திரை உயர அலகு. துள்ளல் நின்றது.

அம்மா மீண்டும் வாங்கிப் பார்த்தார். பெயர்கள் நகர்ந்தன, நிரை அசையவில்லை. மூன்றாவது மரத்தின்மேல் விரலை வைத்தார்.

"இந்த மங்கு கவிழ்ந்திருக்கிறது பார். அன்றைக்கு இந்த மரத்தில் பால் வெட்டவில்லை."