செத்துப்போன சர்வீஸ், சாகாத எரர் மெசேஜ்

"சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்." அக்கா வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஆன் செய்ததுமே இது ஒருமுறை வரும், அப்புறம் மணிக்கொரு தரம் வந்துகொண்டே இருக்கும். அத்தான் பிராட்பேண்ட் ஆளைக் கூப்பிட்டு ரூட்டரையே மாற்றிவிட்டார். இணைப்பில் ஒரு கோளாறும் இல்லை. போட்டோக்களை ஆன்லைனில் சேர்த்துவைக்கும் ஒரு சர்வீஸின் மெசேஜ் அது, சின்ன கம்பெனி, பெயர் வேண்டாம், கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள். சர்வர் இல்லை, டொமைன் என்கிற இணைய முகவரியும் இல்லை, இங்கே இருக்கிற புரோகிராமுக்கு மட்டும் அது தெரியாது.

அந்த மெசேஜை எழுதியவரைக் குறை சொல்லவும் முடியாது. சர்வர் பெயரைத் தேடிப் பதில் வரவில்லை என்றால், நெட் இல்லையா கம்பெனியே இல்லையா என்பது புரோகிராமின் இடத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தெரியும், அதனால் பழி அநேகமாக உங்கள் வீட்டு இணைப்பின் மேல்தான் விழும். எனவே ரூட்டரைத் தொடும் முன்னால் மொபைல் டேட்டாவில் அந்த சர்வீஸின் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் திறக்காவிட்டால் பெரும்பாலும் உங்கள் மெஷின்மேல் தப்பில்லை.

பெரிய கம்பெனிகளும் சர்வீஸை மூடுவார்கள், ஆனால் கொஞ்சம் சொல்லிவிட்டு மூடுவார்கள். பிரவுசரில் அனிமேஷன், வீடியோ, கேம் ஓட்டப் பயன்பட்ட ஃப்ளாஷுக்கு அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12-லிருந்து ஃப்ளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது, அந்தத் தேதியை முன்கூட்டியே உள்ளே வைத்திருந்தார்கள். விண்டோஸிலிருந்து ஃப்ளாஷை நீக்குவதற்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு அப்டேட்டும் விட்டது. இணையம் வழியாக பிரிண்டருக்கு அனுப்ப உதவிய கூகுள் கிளவுட் பிரிண்ட் நின்றதும் அதே டிசம்பர் 31-தான். சின்ன கம்பெனிக்காரர்களிடம் இந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாது, கடைசி அப்டேட் ஒன்று விட்டு "நாங்கள் மூடிவிட்டோம்" என்று காட்டியிருந்தாலே போதும், அத்தானுக்கு ஒரு ரூட்டர் காசு மிச்சம்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தெரியவேண்டியது, அந்தப் பெட்டியை யார் காட்டுகிறார்கள் என்பதுதான். பல எரர் பெட்டிகளில் புரோகிராமின் பெயரே இருக்காது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பக்கத்தில் பிராசஸ் எக்ஸ்புளோரர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதன் மேல்பட்டையில் உள்ள குறிவட்டத்தை இழுத்துக்கொண்டுபோய் எரர் பெட்டியின் மேல் விட்டால், அது எந்த புரோகிராமுடையது என்று காட்டிவிடும். பெட்டி திறந்திருக்கும்போதே இதைச் செய்யவேண்டும், எரிச்சலில் ஓகே அழுத்திவிட்டால் அடுத்த மணிவரை காத்திருக்கவேண்டும்.

பெயர் தெரிந்ததும் எல்லோரும் அன்இன்ஸ்டால் செய்யத்தான் போவார்கள், போகவும் வேண்டும். எங்கள் விஷயத்தில் அந்த அன்இன்ஸ்டாலரும் கணக்கிலிருந்து வெளியேற அதே சர்வரைத் தேடி, கிடைக்காமல் பாதியிலேயே நின்றுவிட்டது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் டிசேபிள் செய்தேன், ஆன் செய்ததும் வருகிற மெசேஜ் நின்றது, மணிக்கொரு தரம் வருவது நிற்கவில்லை. அது வேறு ஆள். மெயின் புரோகிராமோடு அப்டேட்டர் என்று ஒரு துணை புரோகிராமும் வந்திருக்கும், அது ஸ்டார்ட்அப் பட்டியலில் இருக்காது, குறித்த நேரத்தில் புரோகிராம்களைக் கிளப்பிவிடும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்துகொண்டு நேரம் பார்த்து எழுந்திருக்கும். நேரம் தவறாமல் வருகிற எரர் என்றால் முதல் சந்தேகம் டாஸ்க் ஷெட்யூலர் மேல்தான் இருக்கவேண்டும். அங்கே இல்லையென்றால், பின்னணியில் ஓடும் புரோகிராம்களைக் காட்டும் விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலைப் பாருங்கள், அந்தக் கம்பெனிப் பெயரில் ஏதாவது இருந்தால் ஸ்டார்ட்அப் டைப்பை டிசேபிள்ட் என்று மாற்றுங்கள். எதையும் உடனே டெலீட் செய்யாமல் முதலில் டிசேபிள் செய்து ஓரிரு நாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

இதையெல்லாம் தனித்தனியாகத் தேட அலுப்பாக இருந்தால் அதே சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் இருக்கிறது. தானாகக் கிளம்புகிற எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும், டிக்கை எடுத்தால் நின்றுவிடும், ஃபைல் காணாமல்போன வரிகள் மஞ்சளாகத் தெரியும். புரோகிராம் ஃபோல்டரை மட்டும் கையால் அழித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்த மஞ்சள். புரோகிராமைக் கூப்பிடுகிற வரி அப்படியே இருக்க ஃபைல் மட்டும் போனால், பழைய எரர் போய் "ரன்டிஎல்எல், குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை" என்று புது எரர் வரலாம். முதலில் கூப்பிடுவதை நிறுத்துங்கள், ஃபோல்டர் கடைசியில்.

இன்னொரு விஷயம், எரரோடு சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும். ஃபைல் ஐகான்களின் மூலையில் பச்சை டிக், நீலச் சுழல் என்று வருமே, அதற்கு விண்டோஸ் எக்ஸ்புளோரர் 15 இடங்கள்தான் பயன்படுத்தும், அதிலும் சிலவற்றை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பெயரின் அகரவரிசைப்படி முன்னால் நிற்பவர்களுக்குத்தான் இடம், அதனால் தங்கள் பெயருக்கு முன்னால் வெற்றிடங்களைப் போட்டு முண்டியடிக்கிற கம்பெனிகள் உண்டு, ஒருவர் ஒன்று போட்டால் இன்னொருவர் இரண்டு போடுவார்! மூடிப்போன சர்வீஸ் இந்த வரிசையில் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அத்தானின் ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேமிப்பு) டிக்குகள் தெரியவே இல்லை. ஆட்டோரன்ஸில் எக்ஸ்புளோரர் பகுதியில் அந்த வரிகளின் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டன.

எரரைக் கண்டுகொள்ளாமல் ஓகே அழுத்திக்கொண்டே காலத்தை ஓட்டலாமா என்றால், கூடாது. கம்பெனி கைவிட்ட டொமைனை நாளை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், பாதுகாப்புச் சரிபார்ப்பு சரியாக இல்லாத பழைய புரோகிராம் உங்கள் பாஸ்வேர்டை அந்தப் புது முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஆச்சரியமில்லை. அதே பாஸ்வேர்டை வேறு எங்கேயாவது வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம் எரர் வாசகத்தைத் தேடும்போது முதலில் வந்து நிற்கிற "ஒரே கிளிக்கில் சரிசெய்யும்" மென்பொருள்கள் பக்கம் போகவே போகாதீர்கள்.

கடைசியில் ஃபோல்டரை அழிக்கும் முன் உள்ளே ஒருமுறை பாருங்கள், யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா என்ற இடத்தையும் சேர்த்து. அப்லோடுக்காக எடுத்துவைத்த நகல்கள் சில சமயம் அங்கேயே தங்கியிருக்கும். அக்கா தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்த குலதெய்வம் கோயில் போட்டோக்களில் பாதி அங்கேதான் இருந்தன, மீதி அந்த சர்வரோடு போனது போனதுதான்.